ஈதர்நெட் பலகையில் இரண்டு நானோ வினாடி

பொன்முகலி ஆற்றின் கரையில் அமைந்த காளஹஸ்தி, ஐம்பூதத் தலங்களுள் வாயுவுக்கு உரியதென்று தமிழ் மக்களால் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வரும் ஊராகும். காற்று நுழைய வழியில்லாத கருவறையில் ஒரு தீபச் சுடர் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும் என்பது அங்கு வழங்கும் மரபு. காற்றின் போக்கை அறிவதற்கென்றே ஏற்பட்ட விஞ்ஞான நிலையம் ஒன்றும் அவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. காளஹஸ்திக்குத் தென்மேற்கே, திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. அங்குள்ள பெரிய ராடார் 1990களின் முற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. மிகச் சிறிய காலத் தாமதம் ஒன்று எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கக்கூடும் என்பதற்கு அந்த ராடார் ஒரு நல்ல சான்று. அதனை முதலில் விளங்கிக் கொண்டால், இன்று பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் களநிலையங்களிலும் கையாளப்படும் சிறு கணினிப் பலகைகளில் ஏற்படும் ஒரு விசித்திரமான கோளாற்றின் காரணமும் எளிதில் விளங்கும்.

காதங்கி ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை வானத்தை நோக்கி அனுப்புகிறது. ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட வெளியில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1,024 யாகி ஆண்டெனாக்கள் நாற்று நட்டாற்போல் நிறுத்தப்பட்டிருக்கின்றன. காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட, அலைக்கற்றையை நேர் மேலாக அனுப்புவதோடு நாற்றிசையிலும் சற்றே சாய்த்தும் அனுப்புதல் வேண்டும். அத்தனை ஆண்டெனாக்களையும் பெயர்த்துச் சாய்ப்பது இயலாத காரியம். ஆதலின் ஆண்டெனாக்கள் அசையாமலே நிற்க, ஒரு வரிசையிலிருந்து புறப்படும் அலையை அதற்கு முந்தைய வரிசையின் அலையைவிடச் சற்றே தாமதமாகப் புறப்படச் செய்கிறார்கள். அவ்வாறு செய்யுங்கால், எல்லா அலைகளும் ஒன்றுகூடிச் செல்லும் திசை தானாகவே சாய்ந்துவிடுகிறது.

அத்தாமதம் எவ்வளவு? அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 4 மீட்டர். கற்றை 10 பாகை சாய வேண்டுமாயின், அடுத்த வரிசையின் அலை ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் பின்தங்கியிருத்தல் வேண்டும். அலை அத்தூரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம் 2.3 நானோ வினாடி. நானோ வினாடி என்பது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு நானோ வினாடி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கற்றை 10 பாகைக்குப் பதிலாக 5.6 பாகை அளவிலேயே நின்றுவிடும். அதனை அறியாமல் 10 பாகை என்றே கணக்கிட்டால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 11 மீட்டர் வேகத்தில் வீசுவதாகப் பதிவாகும். கருவியோ பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும். எண்களும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். எண்கள் மட்டும் மெய்யாக இரா. இங்ஙனம் நிகழாதிருக்க, ராடார் நிலையங்களில் ஆண்டெனாக்களின் தாமதங்கள் அவ்வப்போது அளந்து திருத்தப்படுகின்றன.

இதே இரண்டு நானோ வினாடி, ஆண்டெனா வயலைவிட்டுக் கையகலமுள்ள மின்சுற்றுப் பலகைக்குள்ளும் ஒரு முக்கிய இடத்தைப் பெற்றுள்ளது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் வலையமைப்பின் உள்ளே, செய்தியைத் தயாரிக்கும் சில்லுக்கும் அதனைக் கம்பியில் ஏற்றும் சில்லுக்கும் நடுவே அது இருக்கிறது. காளஹஸ்தியை அடுத்த ஏர்ப்பேட்டில் திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. அதே வட்டாரத்து விக்ருதமாலாவில் மின்னணுப் பொருள் உற்பத்திக்கென்று தனித் தொகுதி ஏற்பட்டுள்ளது. மின்சுற்றுப் பலகை என்பது இவ்வட்டாரத்து இளைஞர்க்குத் தொலைதூரத்து அதிசயமாக இருந்த காலம் கடந்துவிட்டது. பலகையை வரைவோரும், அதற்கு நிரல் எழுதுவோரும், அதனைக் களத்தில் பொருத்துவோரும் அறிய வேண்டிய செய்தியே இது.

முழக்கோலும் நானோ வினாடியும்

ஒளி ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்கிறது. அதாவது, மாணவர் பையிலுள்ள நீண்ட அளவுகோலின் நீளம். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணித மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையார், தம் சொற்பொழிவைக் கேட்க வந்தோரிடம் அந்நீளத்துக்கு வெட்டிய கம்பித் துண்டுகளைக் கொடுத்து நானோ வினாடியைக் கையில் பிடித்துப் பார்க்கச் செய்வது வழக்கம். ஆசிரியர்கள் வகுப்பில் இதனைப் பின்பற்றலாம், செலவு ஒன்றுமில்லை. ஆனால் மின்சுற்றுப் பலகையில் கண்ணாடி இழையும் பிசினும் கலந்த தளத்தின்மேல் ஓடும் தாமிரத் தடத்தில் மின்துடிப்பின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அங்கு ஒரு நானோ வினாடி என்பது சுமார் 15 சென்டிமீட்டர். இரண்டு நானோ வினாடி என்பது ஓர் அளவுகோல் நீளம்.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ஈதர்நெட் உருவானபொழுது அதன் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். ஒவ்வொரு பிட்டுக்கும் 340 நானோ வினாடிக் கால அவகாசம் இருந்தது. அந்நாளில் இரண்டு நானோ வினாடி முந்தினால் என்ன, பிந்தினால் என்ன? சாதாரண முறுக்குக் கம்பியில் வினாடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் முறை 1999இல் வரையறுக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிற்று. இப்பொழுது ஒரு பிட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒரே ஒரு நானோ வினாடி.

பலகையின் உள்ளே நடப்பது

ஈதர்நெட் கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு. செய்தியைச் சட்டகங்களாக அமைத்து, முகவரியும் பிழை காணும் எண்ணும் சேர்க்கும் பகுதிக்கு மேக் என்று பெயர். இது பெரும்பாலும் கணினியின் முதன்மைச் சில்லுக்குள்ளேயே இருக்கும். அச்சட்டகங்களை மின் அலைகளாக மாற்றிக் கம்பியில் ஏற்றுவதும், கம்பியில் வருவனவற்றை வாங்கி உட்பகுதிக்குத் தருவதும் ஃபை என்னும் தனிச் சில்லின் வேலை. இவ்விரண்டுக்கும் இடையில் தாமிரத் தடங்கள் ஓடுகின்றன.

தொடக்கத்தில் இவ்விணைப்புக்கு 24 தடங்கள் தேவைப்பட்டன. பலகையில் இடமும் சில்லில் கால்களும் விலையுள்ள பொருள்களாதலின், ஹியூலெட் பேக்கார்டு, பிராட்காம், மார்வெல் ஆகிய நிறுவனங்கள் கூடி அதனை 12 தடங்களாகக் குறைத்து ஒரு முறையை வகுத்தன. அதுவே ஆர்ஜிஎம்ஐஐ எனப்படுவது. போவதற்கு 6, வருவதற்கு 6. ஒவ்வோர் ஆறிலும் 4 தடங்கள் செய்தியையும், ஒன்று கட்டுப்பாட்டுக் குறியையும், மற்றொன்று கடிகாரத் துடிப்பையும் சுமக்கின்றன. கடிகாரம் வினாடிக்கு 12 கோடியே 50 லட்சம் முறை துடிக்கிறது. ஒரு துடிப்பின் நீளம் 8 நானோ வினாடி. துடிப்பு ஏறும்பொழுது 4 பிட்டும் இறங்கும்பொழுது 4 பிட்டும் கைமாறுகின்றன. எனவே செய்தித் தடங்களில் உள்ள மதிப்பு 4 நானோ வினாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே எழுகிறது என்பதைப் பள்ளிக்கூடத்து உதாரணத்தால் காட்டலாம். ஆசிரியர் கரும்பலகையில் நான்கு இலக்கங்களை எழுதுகிறார். மணி அடித்தவுடன் அவற்றை அழித்துவிட்டு வேறு நான்கு இலக்கங்களை எழுதுகிறார். அடுத்த மணிக்கு மீண்டும் அவ்வாறே. வகுப்பின் பின்வரிசையில் இருக்கும் மாணவன் அவற்றைப் பார்த்து எழுத வேண்டும். ஆனால் அவனும் மணி அடிக்கும் கணத்தில்தான் தலை நிமிர்ந்து பார்ப்பான் என்றால் அவன் கண்ணில் படுவது என்ன? பாதி அழிந்த பழைய இலக்கமும் பாதி எழுதிய புதிய இலக்கமும் கலந்த சுண்ணக்கட்டிப் புழுதியே. அவனுக்கென்று வேறொரு மணி, முதல் மணிக்கும் அடுத்த மணிக்கும் நட்டநடுவில் அடிக்கப்பட வேண்டும். அந்நேரத்தில் பலகையில் உள்ள எழுத்து அசையாமல் தெளிவாக நிற்கும்.

ஆர்ஜிஎம்ஐஐ முறையில் இலக்கங்கள் நிற்கும் காலம் 4 நானோ வினாடி. ஆகவே வாங்கும் பக்கத்துக்குக் கடிகாரத் துடிப்பு 2 நானோ வினாடி பிந்திச் சேர்தல் வேண்டும். இப்பொழுது மணி அடிப்போர் இருவர் என்று கொள்க. ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாமல், இருவரும் மணியை ஒருமுறை பிந்தச் செய்துவிடுகின்றனர். இரண்டும் இரண்டும் நான்கு. மாணவனுடைய மணி, ஆசிரியர் அடுத்த தடவை அழிக்கும் அதே கணத்தில் போய் நிற்கிறது, மீண்டும் புழுதிதான். யாருமே பிந்தச் செய்யாவிடினும் புழுதிதான். தாமதம் ஒருமுறை சேர்க்கப்பட வேண்டும்; ஒரே முறைதான் சேர்க்கப்பட வேண்டும்.

சேர்ப்பவர் மூவர்

தாமதத்தைச் சேர்க்கக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது பலகையே. கடிகாரத் தடத்தை மட்டும் மற்றத் தடங்களைவிட ஓர் அளவுகோல் நீளம் அதிகமாக ஓடவிட்டால் தாமதம் தானே உண்டாகும். ஆர்ஜிஎம்ஐஐ வரையறை ஆதியில் எதிர்பார்த்ததும் இதுவே. தடத்தின் வழியாக 1.5 நானோ வினாடிக்கு மேலும் 2 நானோ வினாடிக்குள்ளும் தாமதம் சேர்க்கப்பட வேண்டும் என்று அது கூறிற்று. பழைய பலகைகள் சிலவற்றில் ஒரு தடம் மட்டும் பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து செல்வதைக் கண்ணாலேயே காணலாம். ஆயினும் சிறிய பலகையில் அத்தனை நீளத் தடத்துக்கு இடம் ஏது? ஆகவே 2002இல் வெளிவந்த வரையறையின் இரண்டாம் பதிப்பு, சில்லுக்குள்ளேயே தாமதம் சேர்க்கும் வழியையும் ஏற்றுக்கொண்டது. அதன்பின் மேக் பகுதியும் தாமதம் சேர்க்கலாம், ஃபை சில்லும் சேர்க்கலாம் என்றாயிற்று. வசதி பெருகிற்று, கூடவே குழப்பமும் பெருகிற்று.

போகும் வழிக்கும் வரும் வழிக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு என்பதையும் மறத்தலாகாது. போகும் வழியில் கடிகாரத்தை அனுப்புவது மேக். வரும் வழியில் அனுப்புவது ஃபை. ஒரு வழியில் தாமதம் சரியாகவும் மறு வழியில் தவறாகவும் இருத்தல் கூடும். உண்மையில் களத்தில் காணப்படும் கோளாறுகள் பல இவ்வாறு ஒருபக்கக் கோளாறுகளே.

மூவருள் யார் சேர்க்கிறார் என்பதைக் கணினிக்கு அறிவிக்க வேண்டியது அடுத்த வேலை. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் சிறு பலகைகளில் இதற்கென்று டிவைஸ் ட்ரீ என்னும் சாதன விவரக் குறிப்பு உள்ளது. பலகையில் என்னென்ன சில்லுகள் உள்ளன, அவை எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பவற்றை நிலப் பதிவேடுபோல் எழுதிவைத்த கோப்பு அது. ஈதர்நெட் பகுதியில் ஃபை-மோடு என்னும் தலைப்பின்கீழ் நான்கு சொற்களுள் ஒன்று எழுதப்படும். ஆர்ஜிஎம்ஐஐ என்று மட்டும் எழுதினால் இரு வழிகளிலும் தாமதத்தைப் பலகையின் தடமே தருகிறது என்று பொருள். ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி என்று எழுதினால் தடம் எதையும் தரவில்லை, இரு வழிகளிலும் சில்லுகளே தர வேண்டும் என்று பொருள். ஈற்றில் ஆர்எக்ஸ்ஐடி என்று வந்தால் வரும் வழிக்கு மட்டும், டிஎக்ஸ்ஐடி என்று வந்தால் போகும் வழிக்கு மட்டும் சில்லு தாமதம் சேர்த்தல் வேண்டும். டிரைவர் எனப்படும் இயக்கு நிரல் இச்சொல்லைப் படித்து, அதற்கேற்ப ஃபை சில்லின் உள்ளே உள்ள பதிவேடுகளில் தாமதத்தைத் திறக்கவோ மூடவோ செய்கிறது.

சொல்லளவில் இது எளிது. ஆனால் இச்சொற்களின் பொருளை எல்லோரும் ஒரே விதமாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையின் அமைப்பைக் கூறும் சொல் இது என்று சிலர் கொண்டனர். சில்லுக்கு இடும் கட்டளை என்று சிலர் கொண்டனர். மேக் பகுதியின் வேலையைக் குறிப்பதாக எண்ணி எழுதியோரும் உண்டு. இவற்றுள் எப்பொருளில் எழுதினாலும், பலகை ஓடினால் அதனைச் சரியென்றே எவரும் விட்டுவிடுவர். தற்செயலாக ஓடும் பலகை உண்மையாக ஓடும் பலகையைப் போன்றே தோற்றமளிக்கும். இரண்டுக்கும் வேறுபாடு வேறோர் நாளில்தான் தெரியும்.

அத்தகைய நாள் ஒன்று 2019இல் வந்தது. ஏஆர்803எக்ஸ் என்னும் வகையைச் சேர்ந்த ஃபை சில்லுகள், மின்சாரம் பெற்று எழும்பொழுதே வரும் வழித் தாமதத்தைத் தாமாகவே திறந்துகொள்ளும் இயல்புடையன. அவற்றுக்குரிய லினக்ஸ் இயக்கு நிரலோ, விவரக் குறிப்பு தாமதம் வேண்டாமென்று சொன்னாலும் அதனை மூடாமல் இருந்துவந்தது. 2019இல் அந்நிரல் திருத்தப்பட்டு, குறிப்பில் எழுதியபடியே நடக்கத் தொடங்கிற்று. திருத்தம் முற்றிலும் முறையானது. ஆனால் ஆர்ஜிஎம்ஐஐ என்று தவறாக எழுதப்பட்டு, சில்லின் இயல்பான தாமதத்தின் தயவில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பலகைகள் வலையமைப்பை இழந்தன. பிழை பலகைகளின் விவரக் குறிப்புகளில் நெடுநாளாக உறங்கிக் கிடந்தது. பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று.

தொலைவிலுள்ள நிலையத்தில் இது நேர்ந்தால் விளைவு எளிதன்று. மலையோரத்து மழைமானி நிலையத்தில் உள்ள பலகைக்கு, நகரிலிருந்து வலையமைப்பின் வழியாகவே புதிய நிரல் அனுப்பப்படுகிறது. பலகை அணைந்து எழுகிறது. எழுந்தபின் வலையமைப்பு இல்லை. எந்த வழியாகத் திருத்தம் அனுப்ப வேண்டுமோ அந்த வழியே அடைபட்டுவிட்டது. களப்பணியாளர் பேருந்து ஏறிச் செல்வதைத் தவிர வேறு உபாயமில்லை. அவர் சென்று சேரும்வரை மழையளவு பலகையின் உள்ளேயே தங்கிவிடும். உள்ளே சேமிக்கும் வசதி இல்லாவிடில் அந்த நாட்களின் பதிவு அறவே இழக்கப்படும்.

லினக்ஸ் நிரலாளர்கள் 2025இல் இச்சொற்களுக்கான விளக்கத்தை விரித்துத் திருத்தி எழுதினார்கள். ஃபை-மோடு என்னும் சொல் பலகையின் அமைப்பைக் கூறுவதே என்பது அதில் தெளிவாக்கப்பட்டது. தடம் தாமதம் தராவிடில், மேக், ஃபை ஆகிய இரண்டும் சேர்ந்த இணையில் ஒன்று அதனைத் தர வேண்டும். அப்பொறுப்பை ஃபை ஏற்பதே பொதுவழக்கு. சில மேக் பகுதிகள் போகும் வழியில் எப்பொழுதும் தாமதம் சேர்ப்பனவாகவும் அதனை நிறுத்த வழியற்றனவாகவும் அமைந்துவிட்டன. அத்தகையவற்றின் இயக்கு நிரல், ஃபை சில்லுக்குச் சொல்லை ஒப்படைக்கும்பொழுது தான் சேர்த்த பங்கைக் கழித்துச் சொல்லுதல் வேண்டும். அதாவது குறிப்பில் ஐடி என்று இருந்தால், ஃபை சில்லிடம் ஆர்எக்ஸ்ஐடி என்று கூற வேண்டும். இவ்விடத்தில்தான் நிரல் எழுதுவோர் பெரும்பாலும் தவறுகின்றனர்.

களத்தில் கண்டறியும் வழி

இக்கோளாற்றின் முதல் அடையாளம் ஏமாற்றும் அடையாளமாகும். கம்பி செருகும் துவாரத்தில் உள்ள சிறு விளக்கு ஒழுங்காக எரியும். வேகம் 1,000 மெகாபிட் என்றும் கணினி அறிவிக்கும். அவ்விளக்கு காட்டுவது இரண்டு முனைகளிலுள்ள ஃபை சில்லுகளுக்கு இடையேயான கம்பித் தொடர்பை மட்டுமே. பலகைக்குள் ஃபையும் மேக்கும் பேசிக்கொள்கின்றனவா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆதலின் விளக்கு எரிந்தும் செய்தி செல்லாவிடில், கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக் காலத்தைப் போக்குவது வீண். பலகை கெட்டுவிட்டதென்று அலமாரியில் ஒதுக்குவதும் அவசரம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதை. பலகை தனக்கு முகவரி வேண்டி அனுப்பும் வேண்டுகோள் வலையிலுள்ள மற்றொரு கணினியில் தென்படுகிறது, பதில் மட்டும் பலகைக்கு எட்டவில்லை என்றால், வரும் வழித் தாமதம் பிழையாக இருக்கலாம். மாறாக, வலையில் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்திகள் பலகையில் வந்து சேர்கின்றன, பலகை அனுப்புவதோ ஒருவர்க்கும் கேட்பதில்லை என்றால், ஐயம் போகும் வழியின் மீது எழ வேண்டும். ஒவ்வொரு சட்டகத்தின் ஈற்றிலும் 4 பைட் அளவுள்ள பிழை காணும் எண் உண்டு. வந்த சட்டகம் அவ்வெண்ணோடு பொருந்தாவிடில் அது எறியப்பட்டு, பிழைக் கணக்கில் ஒன்று கூட்டப்படும். எத்டூல் என்னும் கட்டளையால் இக்கணக்கைப் படிக்கலாம். அது விரைந்து ஏறிக்கொண்டிருந்தால் தாமதத்தின்மேல் கொண்ட ஐயம் வலுப்படும்.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. 100 மெகாபிட் வேகத்தில் அதே தடங்களில் கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும்; ஒரு துடிப்பு 40 நானோ வினாடி நீளும்; துடிப்பு ஒன்றுக்கு நான்கு பிட்டே செல்லும். கரும்பலகையில் இலக்கங்கள் பத்து மடங்கு நேரம் நிற்கின்றன என்று கொள்ளலாம். இருவர் தாமதம் சேர்த்து 4 நானோ வினாடி ஆகியிருந்தாலும் அப்பொழுது கெடுதி இல்லை. பலகை தடையின்றி ஓடும். எனவே 1,000இல் ஓடாமல் 100இல் செவ்வையாக ஓடும் பலகையில் இரட்டைத் தாமதம் இருக்கக்கூடும். தாமதம் அறவே இல்லாத பலகையில் நிலை வேறு. அங்கு வேகம் குறைந்தாலும் மணியும் அழிப்பும் ஒரே கணத்தில்தான் நிகழ்கின்றன. 100இலும் அது தடுமாறலாம். இச்சோதனை தீர்ப்பன்று, ஆனால் எத்திசையில் தேடுவது என்பதைக் காட்டும். அவசரத்துக்கு 100 மெகாபிட்டில் நிலையத்தை ஓடவிட்டு, முழுத் திருத்தத்தைப் பின்னர்ச் செய்துகொள்ளவும் இது இடமளிக்கிறது. மழைமானிக்கு 100 மெகாபிட் மிகையே.

மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. கணினி எழும்பொழுது முதலில் ஓடும் தொடக்க நிரலாகிய யு-பூட், தன் தேவைக்காக ஃபை சில்லில் தாமதத்தை அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். லினக்ஸ் அந்த அமைப்பையே சுவீகரித்துக்கொண்டு ஓடும். தன் விவரக் குறிப்பில் பிழை இருந்தும் வெளித்தெரியாது. தொடக்க நிரலின் வலையமைப்பு வேலை நடந்த நாளில் பலகை பேசுகிறது, நடவாத நாளில் ஊமையாகிறது என்னும் புதிருக்கு விடை பெரும்பாலும் இதுவே. சில சில்லுகளில் எழும் கணத்தில் குறிப்பிட்ட கால்களில் உள்ள மின்தடைகளைப் பார்த்தே தாமதம் திறக்கப்படுகிறது. பலகையின் வரைபடத்தில் அம்மின்தடைகளைத் தேடிப் பார்த்தல் நலம்.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

திறத்தல், மூடுதல் ஆகிய இரண்டோடு நில்லாமல், தாமதத்தின் அளவையே மாற்றும் வசதி சில சில்லுகளில் உண்டு. விவரக் குறிப்பில் அவ்வளவு பிக்கோ வினாடிகளில் எழுதப்படும். 1,000 பிக்கோ வினாடி ஒரு நானோ வினாடி. 2,000 என்று எழுதுவது நல்ல தொடக்கம். ஆனால் எல்லாப் பலகைகளிலும் தடங்கள் சம நீளமாக அமைவதில்லை. கடிகாரத் தடம் செய்தித் தடங்களைவிட 3 சென்டிமீட்டர் நீண்டிருந்தாலே 200 பிக்கோ வினாடி தானாகச் சேர்ந்துவிடும்.

ஆகையால் பலகை வடிவமைப்போர் தாமதத்தைப் பூச்சியத்திலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வோர் அளவிலும் பெருந்தொகைச் சட்டகங்களை அனுப்பிப் பிழைகளை எண்ணுகின்றனர். தொடக்கத்தில் பிழைகள் மலிந்திருக்கும். ஓரளவுக்குமேல் பிழையே இராது. பின்னர் மீண்டும் பிழைகள் தலைகாட்டும். உதாரணமாக 800 பிக்கோ வினாடியிலிருந்து 2,800 வரை பிழையின்றி ஓடிற்று என்றால், நடுவாகிய 1,800 தேர்ந்தெடுக்கப்படும். 900 என்று வைத்தாலும் அன்றைக்கு அது ஓடும். ஆனால் வெப்பம் மாறும்பொழுதும் மின்னழுத்தம் தாழும்பொழுதும் சில்லுக்குள் தாமதம் சற்றே நகரும். ஓரத்தில் நிறுத்திய பலகை அப்பொழுது ஓரத்தைத் தாண்டிவிடும். குளிரூட்டிய சோதனை அறையில் ஒரு மாதம் பிழையின்றி ஓடிய பலகை, ரேணிகுண்டா, காளஹஸ்தி வட்டாரத்துச் சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் நண்பகலில் மட்டும் தவறுவதற்கு இது ஒரு காரணமாகும். வெளியே வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாளில் பெட்டிக்குள் நிலவும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் ஆள் சென்று பார்க்கும்பொழுது பலகை நன்றாகவே ஓடும். பழுதில்லை என்று குறிப்பெழுதிவிட்டு அவர் திரும்பிவிடுவார்.

ஆதலின் விவரக் குறிப்பில் சொல்லையோ அளவையோ திருத்திய பின்னர், பலகையை வெறுமனே மறுபடி தொடங்குவது போதாது. மின்சாரத்தை அறவே நீக்கி, சில வினாடிகள் கழித்து மீண்டும் கொடுத்தல் வேண்டும். ஃபை சில்லின் பழைய நிலை அப்பொழுதுதான் மறையும். பிறகு 1,000 மெகாபிட் வேகத்தில் இரு திசையிலும் செய்திகளை ஓடவிட்டு, பகல் வெப்பம் உச்சத்தில் உள்ள வேளையில் பிழைக் கணக்கை இரண்டு முறை, ஒரு மணி நேர இடைவெளியில் படித்தல் வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பின் பெட்டியை மூடலாம். எழுதிய சொல், அளவு, பலகையின் பதிப்பு எண், இயங்குதளத்தின் பதிப்பு எண் ஆகிய நான்கையும் நிலையப் பதிவேட்டில் குறித்துவைப்பது, அடுத்த முறை நிரல் புதுப்பிக்க வருபவருக்கு ஒரு நாள் பயணத்தை மிச்சப்படுத்தும்.